ஒரே வாணலியில் இரண்டு பக்குவம்



கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதல் நிருபத்தைச் சில வாரங்களாகத் தியானித்து வருகிறோம். சென்ற ஞாயிறன்று 11-ஆம் அதிகாரத்துக்கு வந்து சேர்ந்தோம். திருவிருந்து ஆராதனைகளில் அந்த அதிகாரத்தை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ஆயினும் அப்பமும் பாத்திரமும் பற்றிய பகுதி முடிந்தவுடன் நம் கவனமும் முடிந்துவிடுகிறது. அதிகாரத்தின் இறுதியில் பவுல் கூறும் அறிவுரை மிக எளியது. உண்பதற்காகக் கூடுகிறவர்கள், மற்றவர்களும் வந்து சேரும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்கிறார். கொரிந்து சபையில் சிலர் தங்கள் உணவை முந்திக்கொண்டு உண்டார்கள். இல்லாதவர்கள் பசியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவ்வளவு ஆழமான போதனைக்குப் பின் இவ்வளவு சிறிய கட்டளையா என்று மதுரை அரசரடியில் இறையியல் பயின்ற நாள்களில் நான் வியந்ததுண்டு. இப்போது வியப்பதில்லை. மூன்று ஆண்டுகளாக, என் ஓய்வு நாளாகிய திங்கட்கிழமைதோறும், எங்கள் வீட்டு இரும்பு வாணலி ஒன்று அந்த வசனத்தின் பொருளை எனக்குக் கற்பித்து வருகிறது. இந்த வாரம் அதைப்பற்றியே உங்களுக்கு எழுத விரும்புகிறேன்.

நீங்கள் ஐயரம்மா என்று அன்போடு அழைத்த என் துணைவியார் மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு நவம்பர் மாதத்தில், ஆண்டவருடைய இளைப்பாறுதலுக்குள் சென்றார். அதன்பின் ஏழு வாரங்கள் எங்கள் வீட்டு அடுப்பை ஏற்ற வேண்டிய தேவை இருக்கவில்லை. இடியாப்பமும் சொதியும், புளிக்குழம்பும், கோழிக் குருமாவும் முறைவைத்து வந்தன. பனி பெய்த இரவுகளிலும் வாசலில் காலடி ஓசை கேட்டது. மூடிகளில் பெயர் எழுதி ஒட்டிய பாத்திரங்களால் குளிர்சாதனப் பெட்டி நிறைந்திருந்தது. அந்த அன்பை நான் மறக்கவில்லை. ஆனாலும் எந்த வீட்டிலும் ஒரு நாள் கடைசிப் பாத்திரம் கழுவித் திருப்பிக் கொடுக்கப்படுகிறது. அதற்கு அடுத்த நாள் மாலை என்ன உண்பது என்ற கேள்வி வருகிறது. துக்கம் நிகழ்ந்த வீடுகளில் உள்ளவர்கள் அந்த மாலையை அறிவார்கள்.

எங்களுக்கு அது ஒரு திங்கட்கிழமை. அப்போது 15 வயதாயிருந்த என் மகன் சமையலறை வாசலில் நின்று, "அப்பா, ஸ்டேக் பண்ணலாமா? உருளைக்கிழங்கும் அதே பான்ல போட்டுரலாம். ஒரு பாத்திரம்தான் கழுவணும்" என்றான். பல நாள்களுக்குப் பிறகு அவன் தானாகப் பேசிய நீண்ட வாக்கியம் அதுவே. அவன் இந்த நாட்டில் பிறந்தவன். அவனுடைய நண்பர்களின் வீடுகளில் அது சாதாரண இரவு உணவு. திருநெல்வேலிச் சீமையில் வளர்ந்த எனக்கோ, மாட்டிறைச்சி என்றால் நெடுநேரம் மசாலாவில் வெந்து, மிளகோடு சுண்ட வறுபட்டு, கறுத்து வரவேண்டும். விரல் தடிமனுள்ள ஒரே துண்டைச் சில நிமிடங்களில் சுட்டு எடுத்துத் தட்டில் வைப்பது எனக்கு அந்நியமான சமையல். ஆனாலும் அன்று மறுக்க மனம் வரவில்லை. இருவரும் கடைக்குப் புறப்பட்டோம்.

இறைச்சியோடு வார்ப்பிரும்பு வாணலி ஒன்றும் வாங்கினோம். நம் ஊர் வாணலிபோல் அது குழிந்திராது. அடி தட்டையாகவும் விளிம்பு குட்டையாகவும் இருக்கும். நீண்ட கைப்பிடியும் உண்டு. 12 அங்குல வாணலி ஏறக்குறைய 3.5 கிலோ எடையுள்ளது. டென்னசி மாநிலத்தின் சவுத் பிட்ஸ்பர்க் என்ற சிற்றூரில் லாட்ஜ் குடும்பத்தார் 1896 முதல் இத்தகைய பாத்திரங்களை வார்த்து வருகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் மகன் அதைக் கழுவித் துடைத்து, அடுப்பில் காயவைத்து, துணியில் சிறிது எண்ணெய் தொட்டு மெல்லியதாகத் தடவினான். யார் கற்றுக்கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. பாளையங்கோட்டைக் கடைத்தெருவில் வாங்கி, விமானப் பெட்டியில் துணிகளுக்கிடையே வைத்து என் துணைவியார் கொண்டுவந்த தோசைக்கல்லும் வார்ப்பிரும்பே. அந்தக் கல்லைப் பழக்குவதற்கு அவர் இப்படித்தான் எண்ணெய் தடவுவார். சூடேறும்போது அந்த மெல்லிய எண்ணெய்ப் படலம் இறுகி இரும்போடு ஒட்டிக்கொள்கிறது. பயன்படுத்தப் பயன்படுத்தப் படலத்தின்மேல் படலம் சேர்கிறது. தோசைக்கல்லில் தோசையைத் தவிர வேறெதையும் சமைக்க அவர் அனுமதித்ததில்லை. நாங்களும் அந்த ஒழுங்கை இதுவரை மீறவில்லை. புதிய வாணலி அதன் அருகிலேயே தொங்குகிறது.

இனி சமையலுக்கு வருவோம். இந்த உணவில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட முடியாது. ஒவ்வொன்றுக்கும் அதனதன் நேரம் உண்டு. ஒரு அங்குலத் தடிமனுள்ள இரண்டு இறைச்சித் துண்டுகளின்மேல் முக்கால் மணி நேரத்துக்கு முன்பே உப்புத் தூவி வைக்கிறோம். முதலில் உப்பு ஈரத்தை வெளியே இழுக்கும். பொறுத்திருந்தால் அந்த உப்புநீரின் பெரும்பகுதியை இறைச்சி மீண்டும் உள்ளே ஏற்றுக்கொள்ளும். அதற்கிடையில் அரைக் கிலோ உருளைக்கிழங்கை அரை அங்குலத் துண்டுகளாக நறுக்கி, ஈரம் போகத் துடைக்கிறோம். நாங்கள் வாங்குவது யூக்கான் கோல்ட் என்ற மஞ்சள் வகை. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்டு 1980-இல் வெளியிடப்பட்ட கிழங்கு அது. மெதுவாக வேகக்கூடியது என்பதால் வாணலியில் முதலிடம் அதற்கே. எண்ணெயில் பரப்பி, மிதமான தீயில் எட்டு நிமிடம் மூடி வைத்தால் உள்ளே வெந்துவிடும். பிறகு மூடியை எடுத்துவிட்டு, அடிக்கடி கிளறாமல் இன்னும் பத்து நிமிடம் விட்டால் வெளிப்புறம் பொன்னிறமாக மொறுமொறுக்கும். அதைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டு, வாணலியை நன்றாகச் சூடேற்றுகிறோம்.

எண்ணெயிலிருந்து மெல்லிய புகை எழும்போது இறைச்சியை, ஈரத்தை ஒற்றி எடுத்தபின், வைக்க வேண்டும். சீறும் அந்த ஓசையும், பழுப்பாகும் அந்த மேற்பரப்பும், அண்டை வீட்டுக்கும் எட்டும் அந்த மணமும் ஒரு வேதிவினையின் விளைவுகள். 1912-இல் அதை விவரித்த லூயி கமீல் மையார் என்ற பிரெஞ்சு அறிஞரின் பெயராலேயே அது வழங்கப்படுகிறது. புரதக்கூறுகளும் சர்க்கரையும் கடும் சூட்டில் கூடும்போது, முன்பு இல்லாத நூற்றுக்கணக்கான சுவை மணப் பொருள்கள் பிறக்கின்றன. மேற்பரப்பு ஈரமாயிருந்தால் இது நடைபெறாது. துடைக்கச் சொல்வது அதனாலேயே.

இங்கே ஒரு பழைய நம்பிக்கை உண்டு. கடும் சூட்டில் சுடுவதால் இறைச்சியின் மேற்புறம் அடைபட்டு, சாறு உள்ளேயே பூட்டப்பட்டுவிடும் என்பார்கள். ஜெர்மானிய வேதியியலாளர் யூஸ்டஸ் ஃபான் லீபிக் 19-ஆம் நூற்றாண்டில் பரப்பிய கருத்து அது. பிரசங்கிக்கு எவ்வளவு வசதியான உவமை! துன்பத்தின் நெருப்பு விசுவாசியை முத்திரையிடுகிறது, நல்லவற்றை ஒன்றும் இழக்கவிடாமல் காக்கிறது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கருத்து உண்மையன்று. ஹரால்ட் மெக்கீ 1984-இல் வெளியிட்ட சமையல் அறிவியல் நூலில் அதைத் தெளிவாக மறுத்தார். நாம் கேட்கும் சீறல் ஓசையே ஈரம் வெளியேறிக்கொண்டிருப்பதன் ஓசைதான். எனவே அந்த உவமையை நான் உங்களுக்குத் தரப்போவதில்லை. துக்கத்திலிருக்கும் ஒருவரிடம் "நீங்கள் எதையும் இழக்கவில்லை" என்று சொல்வது ஆறுதல் ஆகாது. இழந்தது இழந்ததே. அதற்குப்பின் அந்த வீட்டில் புதிதாக ஏதேனும் பிறக்கக்கூடும். ஆனால் அது இழந்ததற்கு ஈடு அன்று.

இறைச்சியைத் திருப்பிப் போட்டபின் தீயைக் குறைத்து, வெண்ணெயும் நசுக்கிய பூண்டும் ரோஸ்மேரிக் கொத்தும் இடுகிறோம். உருகிய வெண்ணெயைக் கரண்டியால் அள்ளி மேலே ஊற்றிக்கொண்டிருப்பது மகனின் பொறுப்பு. வெப்பமானியைச் செருகிப் பார்ப்பது என் பொறுப்பு. இப்போதுதான் இரண்டு தலைமுறைகளின் வேறுபாடு வெளிப்படுகிறது. அவனுக்கு உட்புறம் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். எனக்கோ சிவப்பின் சாயலே கூடாது. அமெரிக்க வேளாண்துறை இத்தகைய முழுத்துண்டு இறைச்சிக்கு 145 பாரன்ஹீட் பாகை, அதாவது 63 செல்சியஸ் பாகை வெப்பமும், அதன்பின் குறைந்தது 3 நிமிட ஓய்வும் வேண்டும் என்கிறது. அந்த அளவை எட்டியதும் மகனுடைய துண்டு வாணலியை விட்டு வெளியேறுகிறது. என்னுடையது 160 பாகை வரை அங்கேயே இருக்கிறது.

முதல் முறை இதைச் செய்தபோது, அவன் தன் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குச் சென்றுவிடுவான், நான் என் பங்கைத் தனியே உண்பேன் என்றே எண்ணினேன். அந்த நாள்களில் எங்கள் உணவு நேரங்கள் அப்படித்தான் இருந்தன. ஆனால் இந்தச் சமையல் அதற்கு இடம்கொடுக்கவில்லை. சூட்டிலிருந்து எடுத்த உடனே வெட்டினால் சாறெல்லாம் பலகையில் ஓடிவிடும். சற்றே பொறுத்தால் அது இறைச்சியிலேயே தங்கும். ஆகவே அவனுடைய துண்டு ஓய்ந்திருக்க வேண்டும். அது ஓய்ந்திருக்கும் அந்த மூன்று நான்கு நிமிடங்களே என்னுடைய துண்டு வெந்து முடியத் தேவையான நேரமும் ஆகும். கடைசியாக உருளைக்கிழங்கை மீண்டும் வாணலியில் கொட்டி, எஞ்சியுள்ள வெண்ணெயில் புரட்டி, மிளகு தூவி இறக்குகிறோம். அப்போது இரண்டு துண்டுகளும் ஒரே நேரத்தில் உண்ணத் தயாராகின்றன. முன்னே வந்தது பின்னே வருவதற்காகக் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பால் முன்னே வந்ததற்கும் நன்மையே விளைகிறது. பவுலின் எளிய கட்டளையை நான் விளங்கிக்கொண்டது அந்த நிமிடங்களில்தான்.

இதைக் கேள்விப்பட்ட நம் சபைப் பெரியவர் ஒருவர் ஆராதனைக்குப்பின் என்னிடம் கவலையோடு கேட்டார்: "ஐயரே, தம்பி சாப்பிடுவதில் இரத்தம் இருக்கிறதே, திருமறை அதைத் தடுக்கிறதல்லவா?" நல்ல கேள்வி. நோவாவுக்குக் கொடுக்கப்பட்ட கட்டளையிலும், லேவியராகமத்திலும், எருசலேம் ஆலோசனைச் சங்கத்தின் தீர்மானத்திலும் இரத்தத்தைப் பற்றிய எச்சரிக்கை உண்டு. ஆனால் தட்டில் தெரியும் செந்நிறச் சாறு இரத்தமன்று. விலங்கை அறுக்கும்போதே இரத்தம் வடிக்கப்பட்டுவிடுகிறது. தசையில் உயிர்வளியைச் சேமித்து வைக்கும் மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீரே அந்தச் சிவப்பு. இதைச் சொன்னவுடன் பெரியவர் நிம்மதியடைந்தார். "ஆனாலும் எனக்கு நன்றாக வெந்ததுதான் வேண்டும்" என்றார். எனக்கும்தான் என்றேன். உண்கிறவனும் உண்ணாதவனும் ஒருவரையொருவர் இகழாதிருக்கும்படி ரோமாபுரிச் சபைக்குக் கூறப்பட்ட அறிவுரை இதற்குப் போதுமானது.

இப்படிச் சில மாதங்கள் சென்றன. திங்கட்கிழமைகளில் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. வெப்பநிலை, உப்பு, தீயின் அளவு ஆகியவையே எங்கள் உரையாடல். ஒரு மாலை, இருவரும் உண்டு முடித்தபின், மகன் தட்டில் எஞ்சிய ஒரு கிழங்குத் துண்டை உருட்டிக்கொண்டே கேட்டான்: "அம்மா கடைசியா என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களாப்பா?" அவன் அதுவரை கேட்டிராத கேள்வி அது. "சொன்னாங்க. 'நாளைக்கு அவனுக்குக் கணக்குப் பரீட்சை, சீக்கிரம் தூங்கச் சொல்லுங்க'ன்னாங்க" என்றேன். அவன் சிறிது நேரம் பேசாமலிருந்தான். பிறகு, "கணக்கு இல்லப்பா, பயாலஜி" என்றான். இருவரும் சிரித்துவிட்டோம். சிரிப்பு முடிவதற்குள் இருவரும் அழுதோம். அன்றிரவு நெடுநேரம் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். எழுந்தபோது வாணலி முற்றிலும் ஆறிப்போயிருந்தது.

யோவான் நற்செய்தியின் 21-ஆம் அதிகாரத்தை அதன்பின் வேறு கண்களோடு வாசிக்கிறேன். உயிர்த்தெழுந்த ஆண்டவர் கடற்கரையில் தாமே கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம் செய்திருந்தார். அந்தக் கரிநெருப்பைக் குறிக்கும் அந்த்ராக்கியா என்ற கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகிறது. ஒன்று இந்தக் கடற்கரை. மற்றொன்று, பேதுரு குளிர்காய்ந்துகொண்டே ஆண்டவரை மறுதலித்த முற்றம். பேதுருவிடம் கேட்கப்பட வேண்டிய கேள்வி கடினமானது. அதை ஆண்டவர் அவன் கரையேறியவுடன் கேட்கவில்லை. ஈர உடையோடும் வெறும் வயிற்றோடும் நிற்கவைத்துக் கேட்கவில்லை. உண்டு முடித்தபின் கேட்டார் என்று யோவான் கவனமாகக் குறிப்பிடுகிறார். நம் வீடுகளிலும் கேட்க முடியாத கேள்விகள் உண்டு. பிள்ளைகள் பெற்றோரிடம் கேட்க முடியாதவை, பெற்றோர் பிள்ளைகளிடம் கேட்க முடியாதவை. அவற்றுக்கு முதலில் தேவைப்படுவது ஒருவேளை ஒரு மேசையும், இருவரும் உண்டு முடிக்கும்வரை பொறுத்திருக்கும் நேரமுமாக இருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் பயின்ற மதுரை இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த, பரட்டை என்று அன்போடு அழைக்கப்பட்ட தியாபிலஸ் அப்பாவு ஐயா அவர்கள், ஒரே உலையில் சமைத்து எல்லாரும் பகிர்ந்துண்ணும் வாழ்வையே திருவிருந்தின் பொருளாக வலியுறுத்தினார். அதன் கூர்மையை நம் மக்கள் நன்கு உணர்வார்கள். யார் வீட்டு உலையில் யார் உண்பது என்பதைச் சாதி தீர்மானித்த ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாம். மாட்டிறைச்சி உண்பதையே இழிவின் அடையாளமாகச் சுமத்திய தெருக்களும் உண்டு. அதனால் வீட்டில் சமைத்ததை வெளியே சொல்லாத குடும்பங்களும் உண்டு. இங்கே கடையில் அதே இறைச்சியைக் கூச்சமின்றி வாங்குகிறோம். அந்தக் கூச்சம் போனது நல்லதே. ஆனால் அதோடு சேர்ந்து அந்தப் பழைய பிரிவினையும் போய்விட்டதா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தியோகியாவில் பேதுரு புறவினத்தாரோடு உண்பதிலிருந்து விலகியபோது, பவுல் அதைச் சிறிய காரியமாக எண்ணவில்லை. எல்லாருக்கும் முன்பாக அவரைக் கண்டித்தார். நற்செய்தி உண்மையா என்பது அன்று உணவு மேசையில்தான் சோதிக்கப்பட்டது.

எனவே அன்பானவர்களே, இந்த வாரம் நீங்கள் செய்யும்படி சில எளிய காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

வாரத்தில் ஒரு மாலையைத் தெரிந்துகொள்ளுங்கள். உணவு எதுவாகவும் இருக்கலாம். தோசையும் சட்னியும் போதும். வீட்டிலுள்ள அனைவரும் சமையலில் ஏதேனும் ஒரு வேலையைச் செய்யட்டும். பிள்ளைகள் தாங்கள் விரும்பும் பக்குவத்தில் உண்ணட்டும். நம்மைப்போல உண்ண வேண்டும் என்று வற்புறுத்துவதைவிட, நம்மோடு உண்ண வேண்டும் என்று கேட்பது மேலானது. கடைசி நபர் அமரும்வரை எவரும் கைவைக்க வேண்டாம்.

தனியாக வாழ்கிறவர்களுக்கு ஒரு சிறப்பான வேண்டுகோள். "ஒருத்தருக்கு எதற்குச் சமையல்?" என்று நீங்கள் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அடுப்பருகே நின்றபடியே ரொட்டித் துண்டோடு இரவைக் கழிக்கிறவர்கள் நம் சபையில் இருக்கிறார்கள். ஒருவருக்காகவும் தட்டை வைத்து, அமர்ந்து, நன்றி செலுத்தி உண்ணுங்கள். சூரைச்செடியின் கீழ்ச் சாக விரும்பிப் படுத்திருந்த எலியா தனி ஒருவரே. அவர் ஒருவருக்காகவே தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் ஆயத்தமாயிருந்தன. அதுவும் இருமுறை எழுப்பி உண்ணச்செய்தார் தூதர்.

வரும் ஆகஸ்ட் மாதத்தில் என் மகன் கல்லூரிப் படிப்புக்காக வேறு மாநிலத்துக்குச் செல்கிறான். வாணலியை எடுத்துக்கொள் என்றேன். "அது இங்கேயே இருக்கட்டும்பா, திங்கட்கிழமை உங்களுக்கு வேணும்" என்று சொல்லிவிட்டான். ஆகவே செப்டம்பர் முதல் திங்கட்கிழமைகளில் எங்கள் மேசையில் ஓர் இடம் காலியாக இருக்கும். தனியாக உண்கிறவர்கள், தாயகத்திலிருந்து படிக்க வந்திருக்கும் மாணவர்கள், துணையை இழந்தவர்கள், எவராயினும் வாருங்கள். எந்தப் பக்குவத்தில் வேண்டும் என்பதை மட்டும் முன்னதாகச் சொல்லுங்கள். இறைச்சி உண்ணாதவர்கள் தயங்க வேண்டாம். அவர்களுக்கான கிழங்கை நெய்யில் தோசைக்கல்லிலேயே வறுத்துத் தருகிறேன். இதற்கு ஐயரம்மா மறுப்புச் சொல்லமாட்டார் என்றே நம்புகிறேன்.

ஜெபிப்போம்.

கடற்கரையில் நெருப்பு மூட்டிக் காத்திருந்த ஆண்டவரே, எங்கள் வீட்டு மேசைகளை உம்மிடம் ஒப்புவிக்கிறோம். காலியான நாற்காலிகளைப் பார்த்தபடி உண்கிறவர்களோடு நீரே அமர்ந்தருளும். ஒரே வீட்டில் வாழ்ந்தும் தனித்தனியே உண்கிறவர்களை ஒன்றாகக் கூட்டியருளும். முந்திக்கொள்ளும் எங்களுக்குப் பொறுமையையும், பிந்தி வருகிறவர்களுக்கு இடத்தையும் தாரும். கேட்கத் துணியாத கேள்விகளைக் கேட்கவும், அன்போடு பதில் சொல்லவும் எங்களுக்கு உதவி செய்யும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.

உங்கள் மேசைகளில் சமாதானம் தங்குவதாக.

அன்புடன்,
உங்கள் ஆயர்